விசாரிக்கக் கூடாது என்பது விதி

ஓய்வு பெற்ற முதல் வருடம் அவர் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் பழுதுபார்த்தார். பழுதில்லாதவற்றையும் விட்டுவைக்கவில்லை. மிக்ஸியைக் கழற்றி மறுபடி பூட்டியபோது கையில் ஒரு திருகாணி மிஞ்சியது. அன்றைக்குத்தான் மனைவி அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பால்கனியில் உட்கார வைத்தார்.

"இங்க உக்காந்து ஊரைக் கழட்டிப் பாருங்க. என் சமையலறையை விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் புதிதல்ல. தரையில் நிற்பவன் கை காட்டினால் தூக்குவார், கை காட்டினால் இறக்குவார். கை காட்டாதவரைக்கும் சும்மா இருப்பதுதான் அந்த வேலையில் பாதி. மனைவி தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊராரின் சண்டையையும் சாவுச் செய்தியையும் கேட்டுக்கொண்டே இருந்தவர். கேட்டதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. பேசியவர்கள் வேலையை இழந்ததை அவர் பார்த்திருக்கிறார். கோபம் வந்தால் அவர் இவரைக் கிரேன்காரரே என்பார். இவர் அவரை எக்ஸ்சேஞ்ச் என்று கூப்பிடுவார். செல்லம் கொஞ்சும்போதும் அதே பெயர்கள்தான்.

பந்தயம் எப்படி ஆரம்பித்தது என்று இருவருக்கும் நினைவில்லை. அடுத்து வருவது ஸ்கூட்டரா காரா என்பதில் ஆரம்பித்திருக்கலாம். தோற்றவர் பதினொரு மணித் தேநீரைப் போட வேண்டும், பாத்திரமும் கழுவ வேண்டும். நாளடைவில் அது வளர்ந்தது. எதிர்ப் பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பெண் இன்றைக்கு வேலைக்குப் போவாளா, விடுப்பா? தபால்காரர் முதலில் எந்தப் பிளாக்குக்குள் நுழைவார்? குண்டு மனிதர் ஓடப்போகிறேன் என்று புதுக் காலணியோடு கிளம்பினாரே, எத்தனை நாள் தாங்கும்? பிளாக்குக்குப் பிளாக் நடுவே இருந்தது ஒரு கார் போக இடமுள்ள உள்வீதிதான். பார்க்க நிறைய இருந்தது.

விதி ஒன்றே ஒன்று. பால்கனியிலிருந்து கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். யாரிடமும் விசாரிக்கக் கூடாது. ஒருமுறை அவர் கறிகாய் வாங்கப் போகிற சாக்கில் கீழே இறங்கி, வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து ஜெயித்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவர் மனைவியான அந்த அம்மாள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. விளையாட்டுதானே என்று அவர் சொன்னது இன்னும் மோசமாகப் போயிற்று.

"விளையாட்டுலயே ஏமாத்துறவரு மத்ததுல என்னென்ன பண்ணியிருப்பீங்களோ!"

அதற்குப் பிறகு அந்த விதியை இருவரும் மீறியதில்லை. மீறாமல் இருக்க வேறொரு காரணமும் இருந்தது. கீழ்த்தளத்துப் பெண்ணின் வீட்டுக்கு மதியத்தில் யாரோ வந்துபோவதைப் பார்த்துவிட்டு, திருடனாக இருக்குமோ என்று அம்மாள் அந்தப் பெண்ணின் மாமியாரிடம் சொல்லிவிட்டார். வந்துபோனது திருடன் இல்லை. பெரிய ரகளையாகிவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் படியேறி வந்து, மரியாதை குறையாமல்தான் சொன்னார்: "பெரியவங்க நீங்க. அடுத்தவங்க ஜன்னலைப் பார்க்கிறதை விட்டுட்டு டிவி கிவி பார்க்கலாமே." அவர் போன பிறகு அம்மாள் வெகுநேரம் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பார்ப்பதை அவர்கள் விடவில்லை. வாயைத் திறப்பதை விட்டார்கள்.

பந்தயங்களில் தினசரிப் பந்தயம் துண்டு. நேர் எதிரே, இதே இரண்டாவது மாடியில், ஒரு தனி மனிதர் இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகவே இருக்கிறார். மகள் வேறு ஊரில். அவருடைய ஜன்னல் காற்றுக்காக இரவெல்லாம் ஒரு கையகலம் திறந்திருக்கும். காலையில் திரைச்சீலையை ஒதுக்கி, ஜன்னலை முழுக்கத் தள்ளித் திறந்து, துண்டை இரண்டு தரம் உதறிக் கம்பியில் போடுவார். பிறகு ஜன்னல் விளிம்பில் இருக்கும் ஒரே ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். நீலத் துண்டு, வெள்ளைத் துண்டு, கோடு போட்டது. இன்றைக்கு எது? இத்தனை வருடத்தில் இவர்கள் அவரோடு பேசியதே இல்லை. எப்போதாவது பார்வை மோதினால் மூவரும் தலையசைத்துக்கொள்வார்கள். அவருக்குத் துண்டுக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் தனக்கு இருப்பது அவருக்குத் தெரியாது.

ஒரு புதன்கிழமை துண்டு வரவில்லை.

"கோடு போட்டது" என்று கணவர் முன்பே சொல்லியிருந்தார். "வெள்ளை" என்று அம்மாள். பிஸ்கட் டப்பா பாதி காலியானது. திரைச்சீலை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஆட்டம் ரத்து" என்றார் அவர்.

"ஏன் ரத்து? புது ஆட்டம். எங்க போனாரு? நான் சொல்றேன், மகள் வீட்டுக்குப் போயிட்டாரு."

"உள்ளதான் இருக்காரு. உடம்பு சரியில்ல, போர்த்திக்கிட்டுப் படுத்திருக்காரு."

"உங்களுக்கு எப்பவும் நோய் நொடிதான் வாயில வரும்."

"இருக்கிற துண்டையெல்லாம் ஊறப் போட்டுட்டு, கட்டிக்கத் துண்டு இல்லாம உள்ளயே உக்காந்திருக்காரோ என்னவோ!"

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். கீழே போன ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆண்டில் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று கணவருக்குத் தோன்றியது. மூட்டுவலி வந்ததிலிருந்து அந்த அம்மாள் சிரிப்பதே குறைந்துபோயிருந்தது. அதனால் அவர் அதே நகைச்சுவையை வேறு வேறு மாதிரி மாற்றி மாற்றிச் சொன்னார்.

மாலை இருட்டியபோது திரைச்சீலைக்குப் பின்னால் குழல்விளக்கு எரிவது தெரிந்தது.

"பார்த்தியா, ஆள் உள்ள இருக்காரு. டீ போடு."

"விளக்கை அணைக்க மறந்துட்டுப் போயிட்டாரு. அது காலையிலேர்ந்தே எரியுது. வெயில்ல நமக்குத் தெரியல."

"காலையிலேர்ந்து எரியுதுன்னு நீ பார்த்தியா?"

"இப்பதான் போட்டாருன்னு நீங்க பார்த்தீங்களா?"

இருவரும் பார்க்கவில்லை. எனவே முடிவு இல்லை. வழக்கின் இரு தரப்பு வக்கீல்கள் மாதிரி திருப்தியோடு உள்ளே போனார்கள்.

மறுநாளும் துண்டு வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்ததா என்று வெயிலில் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அம்மாள் நெற்றியில் கையை வைத்து மறைத்துப் பார்த்து, எரிகிறது என்றார். அப்படியென்றால் நீ சொன்னதுதான் சரி, மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவர் விட்டுக்கொடுக்கப் பார்த்தார். ஆனால் அம்மாள் விட்டுக்கொடுத்து வரும் வெற்றியை ஏற்றுக்கொள்கிறவர் அல்ல.

தேநீர் நேரம் நெருங்கியபோது திரைச்சீலை அசைந்தது.

இருவரும் பார்த்தார்கள். திரைச்சீலையின் அடிப்பக்கம் உள்ளே இழுக்கப்பட்டது, தளர்ந்தது. மறுபடி இழுக்கப்பட்டது. மேலே வளையங்கள் கம்பியில் ஒரு பக்கமாக நகர்ந்தன.

"ஆ! பார்த்தியா பார்த்தியா! ஆள் இருக்காரு!" அவர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "டீ போடு, போ. இஞ்சி தட்டிப் போடு."

"காத்து."

"எங்க காத்து? நம்ம கொடியில துணி அசையுதா பாரு."

"அந்த ஜன்னல் ஒரு கை அகலம் திறந்திருக்கு. சந்துக் காத்து உள்ள புகுந்தா அப்படித்தான் இழுக்கும். இல்லன்னா உள்ள ஃபேன் ஓடுது."

"ஃபேன் கீழ இருந்து இழுக்குமா? மேல இருந்துதான் தள்ளும். நான் முப்பது வருஷம் காத்தைப் பார்த்துப் பிழைச்சவன். இது காத்து இல்ல."

"காத்துதான்."

"ஆளு."

"காத்து."

திரைச்சீலை இன்னொரு முறை அசைந்தது. முன்னைவிடக் குறைவாக. பிறகு அசையவில்லை.

"சரி, ஆளுன்னே வச்சுக்கலாம்" என்றார் அம்மாள் கடைசியில். சொல்லும்போது அவருக்குள் ஏதோ ஒன்று இளகி உட்கார்ந்தது. முந்தின மாலையிலிருந்து அவருக்கு லேசான ஓர் உறுத்தல் இருந்தது. அதைச் சொல்லியிருக்கவில்லை. "நடமாட்டம் இருக்கு. அப்புறம் என்ன? திரையைத் திறக்கலாமா வேண்டாமான்னு பார்த்திருப்பாரு, வெயில் கண்ணைக் கூசியிருக்கும், விட்டுட்டாரு."

"அப்ப டீ?"

"போடறேன், போடறேன். அலையாதீங்க."

இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் வந்தது. நன்றாக இருந்தது என்று அவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாள் பிஸ்கட் டப்பாவை எடுத்து வரவில்லை. வெறும் கையோடு வந்து உட்கார்ந்தார். எதிரே செடி தலை கவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இலைகள் சுருண்டு ஜன்னல் விளிம்பில் ஒட்டிக் கிடந்தன. விடிந்தும் விடியாத நேரமாதலால் குழல்விளக்கு எரிவது நன்றாகவே தெரிந்தது.

"என்னங்க, ஆள் உள்ள இருந்தா செடிக்குத் தண்ணி ஊத்தியிருப்பாருல்ல?"

"உடம்பு முடியலன்னு நான்தான் சொன்னேனே."

"எழுந்து தண்ணி ஊத்தக்கூட முடியலன்னா?"

அவர் கீழே தபால்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தபால்காரர் வரும் நேரமில்லை.

"நான் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"யார்கிட்ட? வாட்ச்மேன்கிட்டயா? 'எதிர்வீட்டு ஜன்னலை மூணு நாளாப் பார்த்துக்கிட்டு இருக்கோம்'னு சொல்லப்போறியா? செயலாளர் மறுபடி படியேறி வருவாரு. அப்ப நீ உள்ள போய் ஒளிஞ்சுக்குவ, நான்தான் பேச்சு வாங்கணும்."

"வாங்குங்க."

"ஆட்டத்துல விசாரிக்கிறவங்க தோத்தவங்க. விதி உன்னோடது."

"நான் தோத்துட்டேன். போதுமா?"

"தோத்தவங்க டீ போட்டுட்டுல்ல போகணும்!"

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். அம்மாளின் முகத்தில் பயத்தைப் பார்த்து, அதைக் கலைக்கத்தான் சொன்னார். அந்த அம்மாளுக்கோ அந்த நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை தேவையாயிருந்தது. போய்த் தேநீர் போட்டார். பால் காயும்வரை அடுப்பருகில் நின்றார். வடிகட்டி, ஆற்றி, முக்காலியில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். பின்னால் பல இரவுகள் அவர் நினைத்து நினைத்துப் பார்த்தது அந்தப் பால் காய்ந்த நேரத்தைத்தான்.

எதிர்ப் பிளாக்கில் லிஃப்ட் பழுது. வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி அம்மாள் ஏறினார். வாட்ச்மேன் முன்னால் போய் மணியடித்தார், கதவைத் தட்டினார், சார் சார் என்று கூப்பிட்டார். காலடியில் பால் பாக்கெட்டுகள் புளித்து ஊதிக் கிடந்தன.

"நேத்தே பார்த்தேன்மா. ஊருக்குப் போயிருப்பாருன்னு நினைச்சேன்" என்றார் வாட்ச்மேன், யாரும் கேட்காமலே.

மேல்மாடியில் இருந்த ஒரு தச்சர் வந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தார். ஆண்கள் உள்ளே போனார்கள். அம்மாள் படிக்கட்டிலேயே நின்றார். உள்ளேயிருந்து வந்த வாடை சாவின் வாடை இல்லை, மனிதன் எழுந்து போக முடியாமல் கிடந்த வாடை. அது அவருக்குச் சட்டென்று புரிந்தது.

"உயிர் இருக்கு! தண்ணி, தண்ணி கொண்டு வாங்க!"

"தண்ணி குடுக்காதீங்க, புரையேறிடும். ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!"

ஆம்புலன்ஸ் வந்தது. தூக்குப் படுக்கையில் அவரைப் படிவழியே இறக்கும்போது அம்மாள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் வந்த வாட்ச்மேன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜன்னலுக்குக் கீழயே விழுந்து கிடக்கிறாரு பாவம். ஒரு கை, ஒரு காலு, வாயி எல்லாம் போயிடுச்சு. நல்லா இருக்கிற கையில திரைச்சீலையைச் சுருட்டிப் பிடிச்சிருக்காரு. விரலைப் பிரிக்கவே முடியலம்மா. துணியைக் கத்தரிச்சுத்தான் எடுத்தோம். யாராச்சும் பார்ப்பாங்கன்னு இழுத்து இழுத்துப் பார்த்திருக்காரு."

அம்மாள் எப்படி வீட்டுக்குத் திரும்பி வந்தார் என்பது அவருக்கே தெரியாது. கணவர் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸை அவர் மேலேயிருந்து பார்த்திருந்தார்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு."

"அப்பாடா!"

"திரையைப் பிடிச்சு இழுத்தது அவருதான். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

அவர் எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. செயலாளர் படியேறி வந்தார், இந்தத் தடவை கை கொடுக்க. "உங்க கண்ணு இல்லன்னா அந்த மனுஷன் போயிருப்பாரு. கேமரா மாட்டணும்னு கூட்டத்துல பேசிக்கிட்டு இருந்தோம். எதுக்கு வீண் செலவு, நீங்க ரெண்டு பேர் போதும்!" என்று தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். குண்டு மனிதர் வழியில் நிறுத்தி வணக்கம் சொன்னார். கீழ்த்தளத்துப் பெண்கூட ஒருமுறை தலையசைத்தாள்.

சில நாள் கழித்துத் துண்டுக்காரரின் மகள் பழப்பையோடு வந்தாள். தூக்கமில்லாத கண்கள், கசங்கிய உடுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். உட்காரச் சொல்லும் முன்பே அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் ஆன்ட்டி போன் பண்ணுவேன். அவருக்கே போன்ல பேசப் பிடிக்காது. 'நல்லா இருக்கேன், வை' அப்படின்னுடுவாரு. நீங்க பார்க்கலன்னா ஞாயித்துக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சிருக்கும்."

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"விழுந்த அன்னிக்கே கொண்டு வந்திருந்தா ஓரளவு சரி பண்ணியிருக்கலாமாம் அங்கிள். இப்ப பேச்சு வராது, வலது பக்கம் வராதுன்னுட்டாங்க. ஆனா எல்லாம் புரியுது. காது நல்லாக் கேக்குது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எப்ப கவனிச்சீங்க?"

கேள்வியில் ஒரு சந்தேகமும் இல்லை. சொந்தக்காரர்கள் கேட்பார்கள், சொல்ல வேண்டியிருக்கும், அதற்காகக் கேட்டாள்.

"அன்னிக்குக் காலையிலதாம்மா" என்றார் அவர். "செடி வாடிக் கிடந்துச்சு. ஏதோ சரியில்லையேன்னு பட்டுச்சு. உடனே இவளை அனுப்பினேன்."

அம்மாள் பழங்களைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கினார். அடுக்கியதை மறுபடி பைக்குள் போட்டார். ஏதாவது சொல்ல அவருக்கு இருந்த நேரம் அந்தப் பெண் எழுந்து நிற்கும்வரைதான். அவள் எழுந்துவிட்டாள்.

கதவைச் சாத்தியதும் அவர் சொன்னார்: "உண்மையைச் சொன்னா மட்டும் அந்த ஆளுக்குப் பேச்சு வந்துடுமா?"

"வராது."

"தெரிஞ்சா செஞ்சோம்?"

"தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதானே விதியே வச்சோம்."

அதற்குப் பிறகு அவர்கள் விளையாடவில்லை. காலையில் பால்கனிக் கதவு திறப்பதில்லை. டிவி வாங்கிய நாளிலிருந்து ஓடாத அளவுக்கு ஓடியது. அவர் மறுபடி ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அம்மாள் தடுக்கவில்லை. தேநீர் நேரத்தில் யாருக்கு முதலில் தோன்றுகிறதோ அவர் போட்டார். சில நாள் யாருக்கும் தோன்றவில்லை.

மகள் வேலையை மாற்றிக்கொண்டு அப்பாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். துண்டுக்காரர் வீட்டுக்கு வந்த அன்று கட்டில் ஜன்னலோரமாகப் போடப்பட்டது. கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டு, அவர் முகம் நேராக இவர்களுடைய பால்கனியைப் பார்த்து இருந்தது. அவள் அதை நன்றிக்கடன்போலச் செய்திருந்தாள். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ரெண்டு பேரும் இப்ப வெளியவே வர்றதில்லையே? அப்பா உங்க பால்கனியையே பார்த்துக்கிட்டு இருக்காரு. நீங்க வந்து உக்காந்தா அவருக்குப் பொழுது போகும்."

கணவர் கடைக்குப் போய்ப் பால்கனியை மறைத்துக் கட்டப் பச்சை வலை வாங்கி வந்தார், வெயிலுக்கென்று. அம்மாள் அதைப் பிரிக்கவிடவில்லை.

"உக்காருங்க" என்றார். "அந்த மனுஷனுக்குப் பொழுது போகணுமாம்."

உட்கார்ந்தார்கள். எதிரே இருந்த முகம் திரும்பவில்லை. கணவர் கால் மணி நேரம் தாங்கினார். பிறகு நாற்காலியை மெல்லத் திருப்பிப் போட்டுக்கொண்டு தெருமுனையைப் பார்த்தார்.

மகளுக்கு ஒரு மதியம் வெளியே போக வேண்டியிருந்தது. மருந்தும் வாங்க வேண்டும், அலுவலகத்திலும் ஒரு கையெழுத்து. பார்த்துக்கொள்ள வரும் ஆயா அன்றைக்கு வரவில்லை. ஆன்ட்டி கொஞ்ச நேரம் இருக்க முடியுமா என்று கேட்டாள். கணவர் வேண்டாமென்று கண்ணைக் காட்டினார். அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த அறைக்குள் அவர் அன்றுதான் முதல்முறையாக வந்தார். கட்டில், மருந்துப் புட்டிகள், புதுத் திரைச்சீலை. மகள் அப்பாவிடம் குனிந்து, "அப்பா, உங்களைக் காப்பாத்தினாங்களே, அந்த ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தப்பட்டது.

அம்மாள் கட்டிலருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைப் படியேறும்போதே வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தார். திரை அசைந்ததைப் பார்த்தோம். காற்று என்று சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்பதா வேண்டாமா என்பதில்தான் முடிவுக்கு வரவில்லை. இந்த மனிதருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்கப்போகிறோம், தெரிவித்தால் அவருடைய வேதனை கூடுமே, அது யாருக்காகச் செய்வது என்றுதான் அதுவரை குழம்பிக்கொண்டிருந்தார்.

அப்போது எதிரே பால்கனிக் கதவு திறந்தது. கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் கூப்பிட்டிருக்கிறான். வீட்டுக்குள் சரியாகக் கேட்காது என்று எப்போதும் பால்கனிக்கு வந்துதான் பேசுவார்.

"சொல்லுப்பா... ஆங், சாப்பிட்டோம். அம்மா எதிர்வீட்டுக்குப் போயிருக்கா. அதான், சொன்னேன்ல, அந்த ஆளைப் பார்த்துக்கிறதுக்கு..."

ஒவ்வொரு சொல்லும் அறைக்குள் விழுந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் விழுந்தது. அவர் தொண்டையைச் செருமியதும், நாற்காலியை இழுத்ததும், பிளாஸ்டிக் கால் தரையில் கிறீச்சிட்டதும் கேட்டன. இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த அந்தச் சந்து, குரலைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து இந்த ஜன்னலில் வைத்தது. ஜன்னல் ஒரு கையகலம்தான் திறந்திருந்தது.

அம்மாள் தரையைப் பார்த்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த இடத்தைப் பார்த்தார். கட்டிக்கொள்ளத் துண்டு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாரோ என்றது இங்கே கேட்டிருக்கிறது. அதற்குத் தான் சிரித்த சிரிப்பு கேட்டிருக்கிறது. ஆளு, காத்து, ஆளு, காத்து. இஞ்சி தட்டிப் போடச் சொன்னது. அவர் திரையை இழுத்துவிட்டு, பதிலை எதிர்பார்த்துக் காது கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பதிலும் கிடைத்திருக்கிறது. சரி, ஆளுன்னே வச்சுக்கலாம், அப்புறம் என்ன. அதற்குப் பிறகு அவர் இழுக்கவில்லை.

தெரிவிப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் இவருக்குத் தெரியும்.

அம்மாள் நிமிர்ந்தார். துண்டுக்காரர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. கண்கள் மட்டும் நன்றாக இருந்தன. கோபத்தைத் தாண்டி எங்கோ போய்விட்ட கண்கள். ஓர் ஆள் எப்போது வந்து சேர்வார் என்று வெகுநாள் காத்திருந்து, வந்ததும் ஒன்றும் தோன்றாமல் பார்ப்பவருடைய பார்வை.

"அன்னிக்குக் காலையிலயே எனக்குப் பட்டுடுச்சுப்பா" என்று எதிரே கணவர் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் உற்சாகம் ஏறியிருந்தது. "செடியைப் பார்த்தேன். அடடா, ஏதோ தப்பா இருக்கேன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. 'ஓடு, போய்ப் பாரு'ன்னு உங்கம்மாவை விரட்டினேன். இல்லன்னா அந்த ஆளு..."

அம்மாள் ஜன்னலைச் சாத்த எழுந்தார். கண்ணாடியில் கை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையிலிருந்து வந்த, சொல்லாக மாறாத சத்தம். திரும்பிப் பார்த்தார். துண்டுக்காரர் இடது கையைப் போர்வையிலிருந்து எடுத்து, வேண்டாம் என்று அசைத்தார். பிறகு அதே கையால் நாற்காலியைக் காட்டினார்.

அம்மாள் போய் உட்கார்ந்தார். எதிரே அவர் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தார். மகன் ஏதோ பாராட்டியிருக்க வேண்டும், ஒருமுறை சிரித்தார். இருவரும் கடைசிவரை கேட்டார்கள்.